பத்தரைப் பிள்ளைகள்

பச்சை வெல்வெட்டில் ஒன்பது குழிகள்,
குழிக்கு ஓர் எடைக்கல்.
வெறுங்கையால் தொடக் கூடாது.
விரல் ரேகைக்கும் எடை உண்டென்று
பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

லியெபாயாவின் கடற்காற்று
அலுவலகக் கதவைப் பிடுங்கிக்கொண்டிருந்த
பிப்ரவரிச் செவ்வாயில் வந்தது புகார்.
கைப்பட எழுதியவர் ஸ்கைத்ரீதெ,
பள்ளி உணவகத்தில் வேலை.
‘பாக்கெட்டில் இருபத்து நான்கு பிஸ்கட் இருந்தது.
ஆளுக்கு இரண்டு; ஒரு மேசைக்குச் சரியாகப் போகும்.
இப்போது இருபத்தொன்று.
விலை அதே விலை, உறையில் அதே பசு சிரிக்கிறது.
ஒரு பாக்கெட், பத்தரைப் பிள்ளைகள்.
அந்த அரைப் பிள்ளை யாரென்று
உங்கள் சட்டத்தில் இருக்கிறதா?’

கூடவே இரண்டு காலி உறைகள்,
பழையதும் புதியதும், ஊக்கு குத்தி.
ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.
நீளம் ஒன்று, அகலம் ஒன்று.
உள்தட்டின் பள்ளங்கள் மட்டும்
சற்றே அகன்றிருந்தன,
பல் விழுந்த வாய் இறுக மூடிக்கொள்வதுபோல்
உறை அதை மூடியிருந்தது.
பசுவின் குளம்படியில், எறும்பு எழுத்தில்: 175 கிராம்.

ஆலைக்குப் போனேன்.
மேனேஜர் ரைட்டிஸ் தானே ஐம்பது பாக்கெட் அடுக்கித் தந்தார்.
175.2. 175.4. 174.9, அதற்கும் அனுமதி உண்டு.
ஒரு பாக்கெட் 176 காட்டியது.
அச்சிட்டது உள்ளே இருந்தால்
எனக்கு அங்கே வேலை இல்லை.
சுருங்கிய பாக்கெட்டுக்கு அடியில்
சுருங்கியது என்று கடைக்காரர் எழுதி ஒட்ட வேண்டும்,
அப்படியொரு விதி வரப்போகிறதாம்.
வரைவு மேசை மேசையாக நகர்கிறது.
அதற்குள் அதுவும் எத்தனை வரி இளைத்ததோ.

‘வெண்ணெய் விலையைக் கேளுங்கள்’ என்றார் ரைட்டிஸ்.
‘மின்கட்டணச் சீட்டைக் காட்டட்டுமா?
பத்து சென்ட் ஏற்றினால்
சூப்பர்மார்க்கெட்டில் எங்களைத் தரையோடு தரையாக
அடித்தட்டுக்கு இறக்கிவிடுவார்கள்.
மூன்று பிஸ்கட்டை எடுத்தேன்.
இல்லையென்றால் இரவு ஷிப்ட்டை எடுத்திருப்பேன்.’
பொய் சொல்லும் முகம் இல்லை.
அந்த இரவு ஷிப்ட்டில் என் சித்தி மகள் இருக்கிறாள்.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

நாங்களும்தான் ஆறு பேர் மூவரானோம்.
வாசல் பலகை அதே அகலம்.

குறைந்திருக்கிறது, ஆனால் குறை இல்லை.
தமாஷ் இல்லை, இதுதான் என் முடிவு.
முத்திரை குத்தி அனுப்பிவைத்தேன்.
பெட்டியை மூடும்போது பார்த்தேன்:
இருநூறு கிராம் கல்
ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னியது.
அதன் நிறைக்கு நிகராக வைக்க
இந்த ஊர் பிஸ்கட் அலமாரியில்
இனி எதுவும் இல்லை.

மார்ச்சில், விடுப்பு எடுத்துக்கொண்டு,
அந்தப் பள்ளிக்குப் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள்.
ஸ்கைத்ரீதெ கத்தியோடு நின்றிருந்தார்.
பன்னிரண்டு முழு பிஸ்கட், தட்டுக்கு ஒன்று.
மீதி ஒன்பதிலும் ஒரு மூலையை நறுக்கினார்.
மூலை போன ஒன்பதும் ஒன்பது தட்டுக்கு.
நறுக்கிய மூலைகள், மும்மூன்றாக,
கடைசி மூன்று தட்டுக்கு.
ஒரு துகள் சிந்தவில்லை.
‘புது வடிவம் என்று நினைக்கிறார்கள்’ என்றார்,
என்னைப் பார்க்காமல்.

கடைசி மேசையில் ஒரு பையன்
தன் தட்டை விரலால் எண்ணினான்,
பக்கத்துத் தட்டையும் எண்ணினான்.
‘உனக்கு ரெண்டுதான்,
எனக்கு நாலு!’

தராசு காரில் இருந்தது.
எடுத்துவரவில்லை.