முப்பது மில்லி

கிராஞ்சியில் என் வேலை சவ்வு மாற்றுவது.
கழிவுநீர் ஒரு பக்கம், குடிநீர் மறுபக்கம்,
நடுவில் சுருட்டிய பாய்போல ஒரு வெள்ளை உருளை.
அழுத்தம் இறங்கினால் அலாரம். கசிந்தால் அலாரம்.
பன்னிரண்டு போல்ட், முக்கால் மணி நேரம்.
பழையது வெளியே, புதியது உள்ளே,
கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவேன்.

யாசிருக்கு எந்த அலாரமும் அடிக்கவில்லை.
காலையில் கண் வீங்கியிருந்தது.
கொசு என்றாள் பைரோஜா.
பள்ளிக் கால்சட்டையின் பொத்தான் சேராதபோது
பிள்ளை சதைபோடுகிறான் என்று சிரித்தோம்.
கழிவறையில் நுரை நின்றது.
சோப்பைக் கொட்டினாயா என்று
அதட்டியது நான்தான்.

அது இரண்டு வருடத்துக்கு முன்பு.
பிறகு வந்தது நோட்டுப் புத்தகம்:
தினம் ஒரு பட்டை நனைப்போம்.
மஞ்சளாகவே இருந்தால் நல்ல நாள்,
பச்சை ஏற ஏற மாத்திரையும் ஏறும்,
முகம் உருண்டு உருண்டு
வகுப்புப் படத்தில் வேறு யாரோ.

இந்த முறை
மூன்று நாள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல்,
நான்காம் நாள் நனைக்க ஒன்றும் வரவில்லை.
ஒரு பகலும் ஓர் இரவும் சேர்த்து நாற்பது மில்லி,
பால் ஊற்றாத கோப்பியின் நிறத்தில்.

டாக்டர் ஷெரில் கோ தாளில் வரைந்து காட்டினார்.
புரதம் ஒழுகிப்போனதால்
நீரைப் பிடித்து வைக்க ஆளில்லை.
காலில், வயிற்றில், இமையில் வெள்ளம்,
ரத்தக் குழாயில் மட்டும் வறட்சி.
பாவம், சிறுநீரகம் கதவைச் சாத்திவிட்டது.
வேலையிடத்துக் கூட்டத்தில் ஆட்டுவதுபோல்
தலையாட்டினேன். பிறகு வாய்தவறி,
எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டுவிட்டேன்.
மாற்றுவதில்லை, என்றார்.
தானாகத் திறக்கும்வரை
அதன் வேலையை நாம் செய்வோம்.

கழுத்தில் குழாய் செருகினார்கள்.
அவன் ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வந்தது.
அந்த இயந்திரத்திலும் ஓர் உருளை,
என் உள்ளங்கை நீளம்.
மேலே அச்சடித்த எண்களைப் படித்தேன்.
துளையின் அளவு புரிந்தது.
அது ஒன்றுதான் புரிந்தது.

ஒரு நாளைக்கு முந்நூறு மில்லி, அதற்கு மேல் கூடாது.
மாத்திரை விழுங்குவதும் கணக்கு, ஐஸ்கட்டியும் கணக்கு.
வெளியே மழை.
இந்த ஊரில் மழைக்கும் கணக்குண்டு,
கால்வாய், நீர்த்தேக்கம், குழாய், பில்.
ஜன்னல் வழியே ஓடி வீணாவதை
உதடு வெடித்த பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான்.

நோன்பு பதினேழு.
சட்டைப் பையில் பாங்கு அதிர்ந்தது.
லிஃப்ட் அருகே ஒளிந்து நின்று
ஒரு பேரீச்சம்பழம், கால் போத்தல் தண்ணீர்.
வாயைத் துடைத்துக்கொண்டு வந்தும்
கண்டுபிடித்துவிட்டான்.
"அத்தா, எனக்கு எப்ப மஃரிபு?"

பைரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
பாசிர் பாஞ்சாங்கில் கிரேன்கள்
கப்பலிலிருந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தன.
நாற்பத்தொன்று வரை எண்ணினாளாம்,
பிறகு சொன்னாள்.

ஒன்பதாவது விடியல், நாலு இருபது.
தாதி ரோவெனா என் தோளைத் தொட்டாள்.
கையில் அளவுக் குடுவை.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தோம்,
நூற்றுப் பத்து.
பத்தைத் தாண்டிய அந்தக் கோட்டைப்போல்
வாழ்நாளில் எதையும் அத்தனை நேரம் பார்த்ததில்லை.

நுரை இருந்தது.
உடையாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.
அந்தச் சண்டை வேறு, அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

அவள் டாக்டரை அழைத்தாள், எழுதினாள்,
இன்றைக்கு முப்பது மில்லி கூடுதல் என்றாள்.
ஊசியில்லாத சிரிஞ்சைத் தானே வாங்கிக்கொண்டு
நாக்கின் நடுவில் ஒரு சொட்டு, கன்னத்தில் ஒரு சொட்டு,
ஒதுக்கி ஒதுக்கிக் குடித்தான்.

"இதான் மஃரிபா?"
"இல்ல வாப்பா, இது ஸஹரு."

பாங்குக்கு நேரமிருந்தது.
அவன் இருபதில் நிறுத்திச் சிரிஞ்சை
வெளிச்சத்தில் பிடித்து மிச்சத்தைப் பார்த்தான்.
என் போத்தலின் மூடியில் கை வைத்தபடி
நான் காத்திருந்தேன்.