கோப்பைகளின் வம்சம்

"நிறையத் தெரியவேணும் தங்கச்சி,
கொஞ்சம் கொள்ளவேணும்."
தர்மகுலசிங்கத்தார் தந்த விபரக்குறிப்பு இவ்வளவுதான்.
நல்லூரில் கொடியேற நாற்பத்திரண்டு நாள்.
அதற்குள் அவருடைய ஐஸ்கிறீம் கடைக்கு
வேறு எவரிடமும் இல்லாத ஒரு கண்ணாடிக் கோப்பை.

கந்தர்மடத்தில், சைக்கிள் கடைக்கு மேலே என் அறை.
எனக்கு வரையத் தெரியாது.
ஒரு கோப்பையைப் பதினேழு எண்களாக எழுதுவேன்:
வாயின் அகலம், இடுப்பின் ஒடுக்கம், காலின் உயரம்,
விளிம்பு எந்தப் பக்கம் எவ்வளவு மலரும்,
முதுகு எங்கே வளையும்.
பிறகு இரண்டைச் சேர்த்துவைப்பேன்.
முதல் ஏழு எண் ஒன்றிடமிருந்து, மிச்சம் மற்றதிடமிருந்து;
போகிற போக்கில் ஏதோ ஓர் எண்ணைக்
கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் தட்டிவிடுவேன்.
திரையில் பன்னிரண்டு பிள்ளைகள்.
சாதகம் பார்ப்பதில்லை, சாதி கேட்பதில்லை.
இந்த ஊரில் இப்படிக் கலியாணம் நடப்பது
என் கணினிக்குள் மட்டும்தான்.

முதல் தலைமுறை கண்கொண்டு பார்க்க முடியாது.
ஒன்று தன்னையே விழுங்கியிருந்தது.
ஒன்றுக்கு அடியே இல்லை.
தர்மகுலசிங்கத்தார் கதிரையை இழுத்துப்போட்டு
விரலால் குத்திக் குத்திச் சொன்னார்:
இது சிமினி, இது பூச்சாடி,
இது ஆசுபத்திரியில் வைக்கிறது, எடும் எடும்.
ஒன்பதாம் தலைமுறையில் ஒரு கோப்பைக்கு
விளிம்பு ஒரு பக்கமாக நீண்டு சொண்டு வந்தது.
"மூக்குப்பேணி!" என்று சிரித்தார்.
அதற்கு மூக்குப்பேணியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

இருபதில் அவருக்குக் கொட்டாவி.
"எல்லாம் ஒண்டு மாதிரித்தான் கிடக்கு."
உண்மைதான். ஒரே முகத்தில் பன்னிரண்டு.
நல்லதையே தெரிந்து தெரிந்து
நாங்கள் வம்சத்தை ஒடுக்கியிருந்தோம்.
நான் தேத்தண்ணி எடுக்கக் கீழே போனேன்.
அவருக்குப் போன் வந்தது.
பால்காரனோடு கத்தியபடி திரும்பியதில்
முழங்கை மவுசில் பட்டது.

திரும்பி வந்தால் திரையில் வேறு குடும்பம்.
மூன்று தடவை அவர் கழித்துவிட்ட சரிவு,
ஒரு தோள் தாழ்ந்து, வாய் ஒரு பக்கம் சாய்ந்து,
பக்கத்து மேசைக் கதையைக்
காது கொடுத்துக் கேட்பதுபோல.
"இதை ஆர் தெரிஞ்சது?"
"நீங்கள்தான்."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"பிழையில்லை. இன்னும் பெறட்டும்."

முப்பத்தேழாம் தலைமுறையில் நிறுத்தினோம்.
கொள்ளளவு எண்பத்தைந்து மில்லிலீற்றர்.
கண்ணுக்கு நூற்றைம்பது.

அவர் போனபின் கணக்குப் பார்த்தேன்.
நானூற்று நாற்பத்து நான்கு கோப்பைகள்.
அச்சுக்குப் போவது ஒன்று.
நிரலின் நடுவில் நானே எழுதிய ஒரு சொல்: தகுதி.
பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.
அது கூடினது மிஞ்சும், குறைந்தது அழியும்.

ஏழு வயதில் நான் ஒரு கஞ்சி வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால் நின்ற பிள்ளைக்கு
என்னைவிடக் கெட்டியாகத் தலை இழுத்திருந்தது.
எனக்குப் பின்னால் நின்றவனுக்குப்
பதினாறாம் வாய்ப்பாடு பாடம்.
அவர்களுக்கு எந்த எண் குறைந்தது?

சொல்லை அழித்தேன்.
'பிடித்தது' என்று எழுதினேன். அதுவும் பொய்.
பிறகு 'பட்டது' என்று மாற்றினேன்.
கை பட்டது, கண் பட்டது,
முழங்கை பட்டது.
மற்றப் பட்டதும்.
நிரல் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது.

தேருக்கு முதல்நாள் கடைக்குப் போனேன்.
நிற்க இடமில்லை.
மணல் ஒட்டிய காலோடு பிள்ளைகள்
சரிந்த கோப்பைக்கு ஏற்றபடி
தலையைச் சரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
தாய் ஒருத்தி அதட்டினாள், "நேராய் இரு."

எனக்கும் ஒன்று வந்தது.
தர்மகுலசிங்கத்தார் முழுக்காசு வாங்கினார்.
மூன்று கரண்டியில் முடிந்துபோயிற்று.
நிறையத் தெரிந்தது.