கொள்ளளவு

சுற்றுலா மேலாண்மை, இரண்டாம் ஆண்டு,
கரகோல் கல்லூரி.
செய்முறைத் தேர்வுக்காகப்
பள்ளத்தாக்கின் வாயில் உட்கார்ந்திருக்கிறாள் பெகாயிம்,
கையில் எண்ணும் பொறி.
ஆளுக்கொரு டிக்.

நாளொன்றுக்கு நானூறு பேரைத் தாங்குமாம் இந்தப் பாதை.
புல்லை யாரும் கேட்கவில்லை.

ஜெர்மானியர் ஆறு பேர்.
சைக்கிள் இரண்டு.
குதிரைக்குத் தனிக் கட்டம் உண்டு,
குதிரைமேல் தூங்கி வரும் பையனுக்கு?

வெயில் சாயும் நேரம்
விடுதிப் போர்வைகளை ஆற்றில் அலசிவிட்டு
ஜில்திஸ் பாறையில் சாய்ந்தாள்.
ஊறி வெளுத்த கால்களை நீட்டி
சும்மா இருந்தாள்
அரை மணி.

நடப்பவர், சவாரி செய்பவர், கூடாரம் அடிப்பவர்:
படிவத்தில் அவளுக்கு இடமில்லை.

பெகாயிம் விரலை எடுத்தாள்.
கொஞ்சம் பொறுத்து
அழுத்தினாள்.

நானூற்றொன்று.