நூறில் ஒன்பது

பகலில் மல்லாவியில் நகை அடைவு மேசை.
கல்லில் உரசுவேன், அமிலம் ஒரு சொட்டு,
தராசின் கண்ணாடியை மூடி மூச்சை நிறுத்துவேன்.
தாலிக்கொடியென்றாலும்
சந்தேகமென்றால் சந்தேகம்தான்.
ஏழு வருடத்தில் ஒரு பித்தளைகூட
என்னைத் தாண்டி உள்ளே போகவில்லை.

இரவில் போனில் இன்னொரு மேசை.
இரண்டு சதம், ஐந்து சதம் பிளைண்ட்.
ஒரு பிரேசில்காரன், மூன்று பேர் எந்த ஊரோ,
எந்நேரமும் தூங்காத ஒரு ‘பனிக்கரடி’.
நான் ‘அடைவுக்காரி’.
ஏஸ் இரண்டு வந்தால் உயர்த்துவேன்.
ராசா இரண்டு.
ராணி இரண்டென்றால் கொஞ்சம் பயந்து.
மற்றதெல்லாம் மடி,
நுளம்புத்திரி எரிந்து முடியும்வரை
மடி, மடி.

பிழையொன்றும் விடவில்லை.
ஆனாலும் காசு குறைந்தது,
அடியில் மயிரிழை வெடிப்புள்ள வாளிபோல.

பழைய பதிவேட்டின் மிச்சத் தாள்களில் எழுதிக் கூட்டினேன்:
நூறு கையில் ஒன்பதுதான் விளையாடுகிறேன்.
மிச்சத்துக்கு, கதிரையில் இருந்ததற்கு
வாடகை கட்டுகிறேன்.
அந்த ஒன்பதிலும், நான் உயர்த்தினால்
மேசையே எழும்பிப் போகிறது.
ஏஸ் இரண்டையும் வைத்துக்கொண்டு
ஏழே ஏழு சதம் வென்ற இரவு உண்டு.

கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது.
பிறப்புச் சான்றிதழ், உறுதி, இரண்டு உடுப்பு, டோர்ச்.
அவிழ்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
வருடத்துக்கொருமுறை பற்றரி மாற்றுகிறேன்.

வியாழக்கிழமை தீர்மானித்தேன்.
பட்டன் என் முன்னால் இருந்து,
எனக்கு முந்தியவர்கள் மடித்திருந்தால்,
ஒன்பதும் எட்டும், இரண்டும் ஆடுதன்,
உயர்த்தலாம்.
முந்நூற்றிநாலில் ஒன்பதுக்கு இருபது புள்ளி,
ஏஸே அதற்குக் கீழேதான்.
இங்கே அதைக் குப்பையென்று எறிந்தவள் நான்.

பன்னிரண்டு சதம் வைத்தேன். பெருவிரல் வேர்த்தது.
எல்லோரும் மடித்தார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
பித்தளையை நீட்டியது முதன்முதலாய் நான்.
ஒருவரும் உரசிப் பார்க்கவில்லை.

அடுத்த சுற்றில் பிரேசில்காரன் திருப்பி உயர்த்தினான்.
மடித்தேன். பன்னிரண்டு சதம் போயிற்று.
வீடு இடியவில்லை.

பிறகு பனிக்கரடி.
தரையில் பத்து, ஏழு, இரண்டு;
எனக்கு ஆறோ ஜேக்கோ வேண்டும்.
வரவில்லை. கடைசித் தாளிலும் வரவில்லை.
ஒரு டொலர் நாற்பது வைத்தேன், கையில் ஒன்றுமில்லாமல்.
அவன் யோசித்தான்.
வவுனிக்குளத்துப் பக்கம் ஒரு யானைவெடி.
நான் திரும்பவில்லை.
கடிகாரம் சிவந்த பிறகு
ஒரு சோடிப் பத்தோடு வந்து என்னைப் பிடித்தான்.

பதிவேட்டில் எழுதினேன்:
போனது: ஒரு டொலர் நாற்பது.
காரணம்: அவன் நம்பவில்லை.
பிழை:
அந்த இடத்தைக் கொஞ்சநேரம் வெறுமையாய் விட்டு
‘இல்லை’ என்று நிரப்பினேன்.

காலையில் ஒரு காப்பு வந்தது.
உரசினேன், அமிலம் விட்டேன். அது வேறு மேசை.

இந்தக் கிழமை நூறில் பத்தொன்பது.
இலாபமென்று சொல்ல இன்னும் காணாது.
நேற்று நடுக்கையில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தது.
என் தாள்களை அதுவே மடித்தது, ராணி இரண்டு.
இருட்டில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு
பைக்குள் கைவிட்டு டோர்ச்சை எடுத்தேன்.

அது இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.