சீட்டிக்காரன்

கீரிப்பாறையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்,
விடியுமுன் நாலரை.
நெற்றியில் விளக்கு, கையில் வெட்டுக்கத்தி.
பதினேழாவது மரத்தில் பட்டை சீவும்போது
முதுகுக்குப் பின்னால் யாரோ சீட்டியடித்தான்.

எவம்லே அது, என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து
அவசரமே இல்லாமல்,
மெட்டைப் பாதியில் மறந்தவன் போல
மறுபடியும்.

கண்காணி ஸ்டீபன்தாசன் மேல்தான் சந்தேகம்.
ஆளைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.
நாலு நாள் முகம் கொடுக்கவில்லை.
எடை போடுகையில் பால் வாளியை
அவர் காலருகே ணங்கென்று வைத்தேன்.
ஐந்தாம் நாள்
என் எதிரேதான் நிற்கிறார், வாய் நிறைய வெற்றிலை.
சீட்டி மேலே பாறையிலிருந்து வருகிறது.
பக்கத்துக் கூப்பு மரியபுஷ்பம் சிரித்த சிரிப்பில்
அவள் வாளி தளும்பியது.

வெளிச்சம் வந்தபின் பார்த்தேன்.
முழுக்கக் கரி.
வெயில் ஒரு கீற்று விழுந்ததும்
தோளில் நீலம், நெற்றியில் நீலம்.
அதுவும் என்னைப்போல
விளக்கைக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது.
சீகாரப் பூங்குருவி என்றார் வனக்காவலர்.
இருக்கட்டும்.

ஓடைக்கல்லில் இரண்டு தத்தல், ஒரு நிற்றல்,
வாலை விரித்து மூடல்.
நண்டு கிடைத்தால்
துணி துவைப்பதுபோல் கல்லில் அடி அடியென்று அடித்து
காலைக் காலாய்க் கழற்றும்.
நத்தைக்கும் அதே மரியாதை.
அந்த வாய்தானா இந்த வாய் என்றிருக்கும்.

ஆனியில் மழை இறங்கினால் வெட்டு இல்லை.
வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை.
சிரட்டைகளில் வெறும் தண்ணீர் நிறைந்து வழியும்.
அதற்கோ அப்போதுதான் கொண்டாட்டம்,
ஓடையின் இரைச்சலுக்கு மேலே ஏறி
நாள் முழுக்கப் பாட்டு.

குழுக்கடன் தவணைக்கு ஆள் தேடி
காளிகேசம் ரோட்டில் நனைந்து நடக்கையில்
கலுங்கின் உள்விளிம்பில் கூட்டைக் கண்டேன்.
பாசி, வேர், சேறு.
மூன்று மஞ்சள் வாய்.
தண்ணீருக்கு ஒரு முழம் மேலே.
இத்தனை பெரிய மலையில்
வேறு இடமா இல்லை உனக்கு?

அன்றிரவு மழை விடவில்லை.
தகரக் கூரையில் விழுந்த ஒவ்வொரு துளியையும்
அந்த ஒரு முழத்திலிருந்து கழித்துக்கொண்டே கிடந்தேன்.
தவணை ஞாபகம் வரவில்லை.

காலையில் போனேன்.
கூட்டின் அடிப்பாசி ஓடையில் நனைந்து ஆடியது.
இரண்டு வாய் திறந்திருந்தன.
மூன்றாவதைத் தேடிக் குனியுமுன்
கைப்பிடிச் சுவரில் வந்து நின்றது,
தாயோ தகப்பனோ, அலகில் மண்புழு.
க்ரீ என்று ஒரு கத்தல்.
பாட்டின் ஒரு துணுக்குகூட அதில் இல்லை.
திரும்பிவிட்டேன்.

மழை விட்டு மறுபடி வெட்டு.
நாலரை மணி இருட்டு.
அதே மெட்டு வந்தது,
அதே இடத்தில் மறந்தது.

எவம்லே அது, என்றேன்
கத்தியை நிறுத்தாமல்.