குடலோசை

காற்றுக்கென்று தெருவோரம்
கயிறு கட்டியிருக்கும் ஊர், புந்தா அரேனஸ்.
ஆளைத் தூக்கியடிக்கும் மாதங்களில்
அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.
நிபால்தோவைத் தூக்கி வந்தவர்கள்
கயிற்றை விடாமல் குந்தியிருந்தான் என்றார்கள்.

வயது நாற்பத்தொன்று.
படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவன்.
வயிற்றைத் தட்டினால் தம்மென்றது.
ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்,
கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம்.
கடமுட இல்லை, களகள இல்லை.
காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது,
பூட்டிய வீட்டில் யாரையோ கூப்பிடுவதுபோல்.

அக்காள் எல்வா பையைக் கவிழ்த்தாள்:
குளோசபின் அட்டைகள்,
ரப்பர் வளையம் போட்டு, தேதி பிசகாமல்
பதினோரு வருடத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள்.
"இவன் தலைக்குள் பேசினவர்களை
இதுதான் டாக்டர் வாயடைத்தது."
அவர்களோடு நிற்கவில்லை அது.

வெள்ளணுக்களை எண்ணினோம்,
மாதம் தவறாமல் எண்ணினோம்.
வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
போன மார்ச்சில் இவன் உள்ளங்கைக்குத்
தையல் போட்ட நானும்தான்.
இவனும் சொல்லவில்லை.
குரல் கேட்கிறதா, இல்லையா:
அதற்கு மட்டுமே பதில் வைத்திருந்தான்.

திறந்தோம்.
லாரி ட்யூப் போல உப்பிய பெருங்குடல்,
வலப்பக்கம் முழுக்கக் கத்தரிக்காய் நிறம்,
ஓரிடத்தில் நனைந்த காகிதம்.
மயக்கம் கொடுக்கும் ஓயர்சுன் எட்டிப் பார்த்துவிட்டு
ரேடியோவை அணைத்தார்.
எடுத்ததை வைக்க
இன்னொரு தட்டு கேட்க வேண்டியிருந்தது.

மாத்திரை இல்லாத மூன்றாம் நாள்
"வந்துட்டாங்க" என்றான்.
என்ன சொல்கிறார்கள்?
"உங்களைத்தான் விசாரிக்கிறாங்க."
சாந்தியாகோவிலிருக்கும் மனநல மருத்துவரை
போனில் பிடித்தேன்.
திரும்பத் தரலாமா? தரலாம்.
தராமல் இருக்கலாமா?
எங்கள் பக்கத்துக் காற்றா, அவர் பக்கத்து மூச்சா,
வெகுநேரம் இரைந்தது.

ஐந்தாம் நாள், வெளுக்கும் நேரம்.
தொப்புளுக்கு வலப்புறம் ஒட்டியிருந்த பை
சின்னதாய் உப்பி
புர்ர் என்றது.
எல்வா சிரித்துவிட்டாள்.
எனக்கும் அடக்க முடியவில்லை,
இந்தச் சத்தத்துக்காகத்தானே
இரண்டு இரவாய் வீட்டுக்குப் போகவில்லை.

அவன் சிரிக்கவில்லை.
தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டு,
"இது யாரு, புதுசா?" என்றான்.