நாலாவது துளை

உறைந்த ஏரியில் மீன் பிடிக்க
துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு
யல்மரி போன சனிக்கிழமை,
சாய்வு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டேன்.
நாலு காலும் மேலே.
ஊசி போட வந்த நாய் மாதிரி
வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

ஒன்பது வருஷத்து ஆட்டம்.
உட்கார்ந்தால் ஒரு முனகல்,
எழுந்தால் ஒன்று.
கைப்பிடியில் முழங்கை ஊன்றினால்
பாதிக் காப்பி தட்டில்.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
இதற்கு ஆட மட்டும்தான் தெரியும்.
கூடத்தை ரசமட்டம் வைத்தே பார்த்துவிட்டேன்:
குமிழி நட்டநடுவில்.

குற்றவாளி யார் என்பதில்
எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.
அட்டைப்பெட்டியைப் பிரித்த அந்த ராத்திரி
வலப்பக்கம் நான் பூட்டினேன்,
இடப்பக்கம் அவன்.
ஆடுவது இடப்பக்கம்.
அவன் தங்கை ஹில்லாவிடம் சொன்னேன்.
பல் மருத்துவரிடம், வாயைத் திறக்கச் சொல்லுமுன் சொன்னேன்.
ஐந்தாம் எண் பேருந்தை
மதியம் என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் சுலோவிடம்
எத்தனை முறை சொன்னேனோ.
அவன் மறுத்ததே இல்லை.
"மரம்தானே, பழகும்" என்பான்.

அடித்துணியின் ஊக்குகளைக் கத்தி முனையால் நெம்பினேன்.
உள்ளே ஒரு காசு, சூரியகாந்தித் தோல்,
தொலைந்துபோன ரிமோட்டின் மூடி.
ரேடியேட்டர் பக்கத்திலேயே ஒன்பது குளிர்காலம் காய்ந்ததில்
மரமுளைகள் சுருங்கி
கிழவர் பல் மாதிரி விரலோடு வந்தன.
சரி, எதிர்பார்த்ததுதான்.
முதல் துளையில் திருகு லூஸ்.
இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே.
நாலாவது துளையில் திருகு கடிக்கவே இல்லை.
அதன் பக்கத்தில்
இரண்டாக மடித்து, இறுக்கித் திணித்திருந்தது
ஒரு கொண்டை ஊசி.

யல்மரிக்கு
இருபத்தெட்டு வயசிலேயே வழுக்கை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.
வெளியே பனி வாரும் வண்டி
பின்னுக்கு வரும் பீப் சத்தம்.
கொஞ்சம் கொஞ்சமாக வந்தது அந்த ராத்திரி:
மணி ஒன்று,
வலப்பக்கத்தை முடித்துவிட்டு அவன்
அட்டைப்பெட்டி மேலேயே தூங்கிப்போனது,
அகலமாகிவிட்ட துளையைப் பார்த்து நான்
தலையில் கைவைத்தது.
தலையில் கைவைத்தபோதுதான்
ஊசி அகப்பட்டிருக்க வேண்டும்.

செய்முறைக் காகிதத்தில்
மூக்கில்லாத அந்தப் பொம்மை மனிதன்
இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.
அவனுக்கு அப்போதே தெரியும்.

தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளையை அடைத்தேன்.
முளைகளுக்கும் பசை.
இறுக்கிப் பிடிக்கப் பட்டறைக் கருவி ஏது?
சைக்கிள் டியூபை இடுப்பில் சுற்றி
மரக்கரண்டியைச் செருகி முறுக்கினேன்.
காயும்வரை எதிரே உட்கார்ந்து
ரொட்டி தின்றேன், பேசாமல்,
காவலுக்கு வைத்தது மாதிரி.
பிறகு ஆறுமுகச் சாவியால்
ஒவ்வொரு திருகுக்கும் கால் சுற்று,
கால் சுற்று, இன்னொரு கால்.
வலப்பக்கத்தைத் தொடவில்லை.
அங்கே இறுக்க எதுவும் இல்லை.

இருட்டிய பின் வந்தான்.
மூன்று மீன், மீசையில் பனி.
பூட்சோடு உட்கார்ந்தான்.
சத்தம் இல்லை.
எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.
இடது கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்,
கூப்பிட்டும் பேசாத ஆளை உலுக்குகிற மாதிரி.

"பார்த்தியா" என்றான்,
"சொன்னேனில்ல, மரம்தானே, பழகும்னு."

நான் கழுவுதொட்டியில் செதில் உரித்துக்கொண்டிருந்தேன்.
நிமிர்த்த முயன்றும் நிமிராத அந்த ஊசி
என் கொண்டையில்தான் இருந்தது.
ஒரு நிமிஷம் என் பின்னந்தலையை
அவன் பார்த்த மாதிரி இருந்தது.
தொலைக்காட்சியைத்தான் பார்த்தானோ என்னவோ.

பெரிய மீனை அவன் தட்டில் வைத்தேன்.
திங்கள்கிழமை
சுலோ கேட்பான்.